அண்ணி தேய்க்காத ஒரு பட்டை

அந்தக் கார் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். பட்டறை முதலாளி அவள் வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த தம்பி. அவர் அண்ணி என்று கூப்பிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவரைப் பார்த்து மெக்கானிக்குகளும் கூப்பிட்டார்கள், சரி. பெயின்ட் டப்பா இறக்க வரும் லாரிக்காரரும் கூப்பிட்டார், போகட்டும். எழுபதைத் தொட்டுவிட்ட பல் டாக்டர் ஒருவர் வாசலில் நின்று, "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்டபோதுதான் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் எழுபது வயதுக் கொழுந்தன் முளைத்தால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது!

அவளுடைய ராஜ்ஜியம் பின்னறை. பெயின்ட் அடிக்கும் கூண்டுக்குப் பின்னால், பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு ஜன்னல், சுவரோரமாக ஒரு நீளப் பலகை மேஜை, இரண்டு பக்கமும் துணிச் சக்கரம் மாட்டிய, உலோகத்தை மெருகேற்றும் பஃபிங் மெஷின், மூலையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் காஸ்டிக் சோடாக் கரைசல். மெஷின் ஓடினால் கறுப்புத் தூள் பறக்கும். சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டம், மற்றதெல்லாம் கரி. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோலத்தில்தான் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒருநாள் கொழுந்தனுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்க வந்தவள், அங்கே ஒருவன் ஒரு ஹெட்லைட் வளையத்தை மெஷினில் பிடித்துக்கொண்டு தூங்கி வழிவதைப் பார்த்தாள். "இப்படியா தேய்ப்பாங்க? குழந்தைக்கு மூக்கு சிந்தறாப்புல!" என்று பிடுங்கித் தானே தேய்த்தாள். அரை மணி நேரத்தில் அந்த வளையத்தில் எல்லோர் முகமும் தெரிந்தது. அவன் அன்றைக்கே வேறு வேலை தேடிப் போனான். டப்பாவில் சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் அவள் கைக்கு வந்தது எதுவும் மங்கலாகத் திரும்பியதில்லை. மோட்டார் சைக்கிள் சைலன்சர், ஹோட்டல் கதவுக் கைப்பிடி, படகுக் கொக்கி, எல்லாம் கண்ணாடி. நீச்சல் சங்கத்துக்காரர்கள் ஒரு பழைய வெள்ளிக் கோப்பையைக் கொண்டுவந்து லேசாகத் துடைத்துத் தரச் சொன்னார்கள். லேசாக என்ற சொல் அவள் காதில் விழுந்தால்தானே? கோப்பை சூரியன் மாதிரித் திரும்பிப் போனது; அதில் வெட்டியிருந்த பத்து வருஷத்து வெற்றியாளர்களின் பெயர்கள் மட்டும் போகவில்லை, அவை துணிச் சக்கரத்தோடு தங்கிவிட்டன. சங்கச் செயலாளர் வந்து குதித்தபோது, "ஜெயிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல? கேட்டு எழுதிக்குங்க" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஆறு மாசமாக ஒரு ஆபத்து காத்திருந்தது. கொழுந்தனை எல்லோரும் சின்னவர் என்பார்கள். சின்னவர் ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய்வந்ததிலிருந்து பின்னறையையே சுற்றிச் சுற்றி வந்தார். காருக்கு ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒன்று அங்கே அவர் மனசைக் கெடுத்துவிட்டது.

"இப்ப யாரு அண்ணி தேய்க்கறாங்க? வெள்ளிக் கலர் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினா பத்து நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. மெஷினை இங்க போட்டுட்டு, நீங்க முன்னாடி மேஜையில ஜம்முனு உக்காந்துக்கலாம். வர்றவங்ககிட்ட சிரிச்சுப் பேசினா போதும்."

சிரித்துப் பேசுவதா! அவள் மாசத்துக்கு ஒருமுறை முன் மேஜையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், அங்கே வழக்கமாக உட்காரும் ஆள் இல்லாத சமயத்தில். வாடிக்கையாளரைப் பார்த்து முயற்சி பண்ணிச் சிரிப்பாள். பல் டாக்டர் முதல்முதலாக வந்த அன்றைக்கு அவளுடைய அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, தொழில் பழக்கத்தில், "எந்தப் பல்லும்மா?" என்று கேட்டார். முன் மேஜைக்குப் போவதைவிட ஜெயிலுக்குப் போகலாம் என்பது அவள் தீர்மானம். அங்கேயாவது ஏதாவது தேய்க்கச் சொல்வார்கள்.

பல் டாக்டரின் கார்தான் இந்தக் கதையைக் கிளப்பியது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டின, ஐம்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாசமே வாங்கிவிட்டார். அதில் ஏறுவதற்கு அவருக்கு நாலு நிமிஷம், இறங்குவதற்கு ஆள் உதவி. அவர் மனைவி ஒரே ஒரு தடவை அதில் உட்கார்ந்துவிட்டு, "இனிமே என்னைப் பொட்டலம் கட்டித்தான் இதுக்குள்ள வைக்கணும்" என்று சொல்லிவிட்டார். டாக்டருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பழைய கார் சங்கத்தின் பரிசோதனையில் தேறி முதல் தரப் பட்டயம் வாங்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை.

இன்ஜினை மெக்கானிக்குகள் பார்த்துக்கொண்டார்கள். காரைச் சுற்றி ஓடும் அலுமினியப் பட்டைகள், ஜன்னலுக்கு, கண்ணாடிக்கு, கதவுக்கு என்று மொத்தம் பதினொன்று, அவை அண்ணியிடம் வந்தன. "பழையபடி பண்ணிக் குடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு டாக்டர் தன் மகள் வீட்டுக்கு மூன்று வாரம் போனார்.

பட்டைகளைப் பார்த்ததும் அண்ணிக்கு எரிச்சல்தான் வந்தது. சாம்பல் பூசினாற்போல ஒரே மங்கல். 'ஐம்பது வருஷ அழுக்கு! எவனும் ஒரு துணி எடுத்துத் துடைக்கலை' என்று சபித்துக்கொண்டே பத்துப் பட்டைகளைக் கழற்றிக் காஸ்டிக் தொட்டியில் போட்டாள். புஸ்ஸென்று நுரைத்தது. வெளியே எடுத்து, கழுவி, உப்புத்தாள் போட்டு, சக்கரத்தில் பிடித்தாள். எட்டு நாள். பத்துப் பட்டையும் கண்ணாடியாக மின்னின.

பதினோராவது மட்டும் கழலவில்லை. பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஒரு முழ நீளத் துண்டு. இரும்புத் திருகு துருப்பிடித்து அலுமினியத்தோடு ஒட்டிப்போய்விட்டது. எண்ணெய் விட்டாள், தட்டினாள், சூடு காட்டினாள், திட்டினாள். அந்தத் திருகின் பரம்பரையில் ஒருவரையும் விடாமல் திட்டினாள். அது அசையவே இல்லை. "கிடக்கட்டும் சனியன்" என்று விட்டுவிட்டாள். சின்னவர் வந்து, "ஒரு திருகைக் கழட்ட முடியலையா அண்ணி? அதுக்குத்தான் சொல்றேன், ஸ்டிக்கர்னா..." என்று ஆரம்பித்தார். அவள் மெஷினைப் போட்டாள். மீதி சத்தத்தில் போய்விட்டது.

டாக்டர் ஒரு திங்கட்கிழமை காலையில் திரும்பி வந்தார். மேஜைமேல் வரிசையாக வைத்திருந்த பட்டைகளைப் பார்த்தார். பாராட்டுக்காக அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பேயறைந்த மாதிரி ஆனது டாக்டர் முகம். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ அண்ணி! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"ஏன், எங்கயாவது கீறல் தெரியுதா?"

"கீறல் இல்லையே, அதுதான் பிரச்சினை! இந்தக் கார்ல பட்டையெல்லாம் மங்கலாத்தான் வரும். தொழிற்சாலையிலயே அப்படித்தான் செஞ்சாங்க. ரேஸ் கார் ஆச்சே, கண்ணுல வெயில் அடிக்கக் கூடாதுன்னு வேணும்னே மினுக்காம விட்டது. அது அழுக்கு இல்லம்மா, அதுதான் அசல்!"

அண்ணிக்கு முதலில் விளங்கவே இல்லை. வேண்டுமென்றே மங்கலாகச் செய்வார்களா? சம்பளம் வாங்கிக்கொண்டு? டாக்டர் ஒரு பழைய விளக்கப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். இழை இழையாக நீளவாக்கில் தேய்த்து, அதன்மேல் மின்சாரத் தொட்டியில் ஒரு மெல்லிய தோல் வளர்த்திருக்கிறார்கள். அவள் அழுக்கு என்று நினைத்துக் காஸ்டிக்கில் உரித்தது அந்தத் தோலைத்தான். வேறு யாராவது செய்திருந்தால் சோம்பேறித்தனத்தால் பாதியில் விட்டிருப்பார்கள், பாதியாவது தப்பித்திருக்கும். அவளுடைய சுறுசுறுப்புதான் பத்தையும் ஒழித்தது.

பரிசோதனைக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. சின்னவருக்குத் தகவல் போனது. கோபப்படுவார் என்று பார்த்தால், மனுஷன் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணி, நான் உங்களை ஒண்ணும் சொல்லலை. அந்த மெஷினுக்குச் சொல்லிட்டேன், பதினைஞ்சு நாள்ல வந்துரும். டாக்டர் கார் தேறிடுச்சுன்னா பின்னறை உங்களுக்கு, நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். தேறலைன்னா, திங்கக்கிழமையிலிருந்து நீங்க முன்னாடி மேஜை. சம்மதமா?"

"நான் சம்மதிக்கலைன்னா?"

"அப்பவும் முன்னாடி மேஜைதான்."

அவர் போனதும் அண்ணி தன் மெஷினைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அழுகை வந்தது. கரி முகத்தில் அழுதால் கோடு கோடாகத் தெரியும், எல்லோரும் பார்த்து இளிப்பார்கள் என்பதால் அழவில்லை.

எந்த மங்கல் என்று தெரிந்தால்தானே அந்த மங்கலைத் திரும்பக் கொண்டுவர முடியும்? புத்தகத்தில் இருந்ததோ தீப்பெட்டி அளவுப் படம். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அந்தச் சனியன் பிடித்த பதினோராவது பட்டை! ஓடிப்போய்க் காருக்குப் பின்னால் மண்டியிட்டாள். வெறும் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, லேசாகத் துடைத்தாள். மேலே ரப்பர் விளிம்பைத் தூக்கினாள். அதற்கடியில் ஐம்பது வருஷமாக வெயிலே படாத ஒரு விரல் அகலம், நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தமாதிரி இருந்தது.

அழகாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் இருந்தது. முடியைவிட மெல்லிய இழைகள், பக்கத்தில் பக்கத்தில், நீளவாக்கில் ஓடின. வெளிச்சம் அதன்மேல் பட்டால் திருப்பி அடிக்காமல் அப்படியே தங்கியது. நடுவில் ஓரிடத்தில் இழை ஒரு நெல் நீளத்துக்குக் கோணிக்கொண்டு, பிறகு நேரானது. அண்ணி அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பாதியில தும்மியிருக்கான் பாவி" என்றாள்.

யாரோ ஒருவன். சனிக்கிழமை மத்தியானமாக இருக்கும், வீட்டுக்குப் போகிற அவசரம். தும்மல் வந்தது, கை ஒரு நொடி ஆடியது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான். காருக்குப் பின்னால், ரப்பருக்கு அடியில், யாரும் பார்க்கவில்லைதான், ஐம்பது வருஷமாக. அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

திருகைத் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேலையில் இறங்கினாள். இறங்கினால் கை வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக வட்டம் வட்டமாகத் தேய்த்த கை அது. அஞ்சடி நீளப் பட்டையில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நிறுத்தாமல், வளையாமல், ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அவள் இழுத்தால் மூன்றாவது அடியில் கை தானாக ஒரு சுழி போடும். தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி இழுத்தாள். பின்னால் நடந்துகொண்டே இழுத்துப் பார்த்தாள். கதவோரம் டீ குடித்துக்கொண்டிருந்த, காரில் நெளிவு எடுக்கும் டிங்கர்காரர்மேல் போய் மோதி, டீ அவர் சட்டைக்குப் போனது.

"அண்ணி, ரிவர்ஸ் எடுக்கும்போது ஹாரன் அடிங்க" என்றார் அவர்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் அவள் கை காற்றில் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருகிறவருக்குப் பேச்சு சுருக்கம். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. வீட்டிலேயே அவள் தேய்க்காமல் பளபளப்பது அது ஒன்றுதான்.

"என்ன பண்றே?" என்றார்.

"நேரா இழுக்கணும். கை சுத்துது."

அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார். "லிஃப்ட் ஏன் ஆடாம நேரா போகுது?"

"ஏன்?"

"அது நல்ல லிஃப்ட்ங்கறதால இல்ல. ரெண்டு பக்கமும் தண்டவாளம் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன உருப்படியான பேச்சு இதுதான் என்று அண்ணி அவருக்கு இன்னொரு கரண்டி அதிகமாகப் போட்டாள். மறுநாள் காலையில் இரண்டு பேருமாகப் பின்னறை மேஜையில் இரண்டு நீள மரச்சட்டங்களை ஆணி அடித்து, நடுவில் பட்டை, மேலே சட்டங்களுக்கிடையே ஓடுகிற மாதிரி ஒரு கட்டை என்று பொருத்தினார்கள். வளைந்த பட்டைகளுக்கு ப்ளைவுட்டில் அதே வளைவில் தடம் வெட்டினார்கள். கட்டை இனி எங்கும் சுற்ற முடியாது. அவள் கையும்தான்.

அடுத்தது, கட்டைக்கு அடியில் எதை வைத்து இழுப்பது? உப்புத்தாள் போட்டால் இழை ஆழமாக விழுந்தது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போட்டாள். கிட்டத்தட்ட வந்தது, ஆனால் முரடு. யோசித்து யோசித்து, தன் வீட்டுத் தொட்டியோரம் ஒரு மாசமாகத் தேய்ந்து கிடந்த பழைய நாரைக் கொண்டுவந்து இழுத்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய், காருக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். அதே இழை! அசலா நகலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்துப் பட்டைக்கு ஒரு பழைய நார் எப்படிப் போதும்? கடையில் ஒரு டஜன் புது நார் வாங்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாக ஏறினாள். "புதுசு வச்சுக்குங்க, உங்க பழசைக் குடுங்க." எதிர்வீட்டு அம்மா பழைய நாரைக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தியபின் ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வீட்டில் ஒருத்தி, "என்னோடது ரொம்பப் பழசாச்சே, பரவாயில்லையா?" என்று கூச்சப்பட்டாள். "அதுதான் வேணும், அதுதான் வேணும்" என்று அண்ணி அதை வாங்கி முகர்ந்துகூடப் பார்த்தாள். அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று தெருவே முடிவு கட்டியது. பாவம், வீட்டுக்காரர் நல்ல மனுஷன் என்றும் பேசிக்கொண்டார்கள்.

ஆறு நாளில் பத்துப் பட்டையும் முடிந்தன. மின்தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்து, தோல் வளர்த்து வாங்கி வந்தாள். மாட்டிப் பார்த்தார்கள். கார் ஒரு அதட்டலும் இல்லாமல் அமைதியாக நின்றது. டாக்டர் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தாலும் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத்தின் தேர்வாளர் பட்டறைக்கே வந்தார். ஒல்லியான ஆள், இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. வந்த அஞ்சாவது நிமிஷமே டிங்கர்காரர் அவருக்கு லென்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார். லென்ஸ் சிரிக்கவில்லை, டீ வேண்டாம் என்றார், இன்ஜினைப் பார்த்தார், இருக்கையைப் பார்த்தார், டிக் டிக் என்று படிவத்தில் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு பட்டைகளுக்கு வந்தார்.

ஒவ்வொரு பட்டையிலும் பூதக்கண்ணாடியை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். அண்ணி சுவரோரம் நின்று, மூச்சு விடுவதை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டாள். முதல் பட்டை, அசல் என்று எழுதினார். இரண்டாவது, அசல். மூன்று, நாலு, ஏழு, பத்து, எல்லாம் அசல்! சின்னவர் திரும்பி அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக இளித்தார்.

லென்ஸ் காருக்குப் பின்னால் போய் மண்டியிட்டார். ரப்பரைத் தூக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"எல்லாம் பிரமாதம். இது ஒண்ணுதான் தப்பு. பின்னாடி யாரோ அவசரத்துல கையால தேய்ச்சு ஒப்பேத்தியிருக்காங்க. இழை கோணிப் போயிருக்கு. தொழிற்சாலையில இப்படி விட மாட்டாங்க." படிவத்தைப் புரட்டினார். "சின்ன விஷயம்தான், ஒரு பட்டை மட்டும் அசலுக்கு இணையா இருந்தா முதல் தரத்துக்குப் பரவாயில்லை. மத்த பத்து மாதிரியே இதையும் சரி பண்ணிருங்க. சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்பினா போதும், முதல் தரம்னு கையெழுத்துப் போட்டுர்றேன்."

"ஒரு மணி நேர வேலை சார்!" என்று சின்னவர் பாய்ந்தார். "திருகை ட்ரில் போட்டு எடுத்துட்டு, அண்ணி இழுத்துருவாங்க. இல்லையா அண்ணி?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு மணி நேர வேலைதான். தண்டவாளம் தயார், பழைய நார் இன்னும் நாலு பாக்கி. ஒரு இழுப்பு இழுத்தால் அறை அவளுடையது, ஜன்னல் அவளுடையது, சாகும்வரை முகத்தில் கரி. தேய்ப்பது என்றால் எதையும் யோசிக்காமல் தேய்த்தவள்தானே? பத்து வருஷத்து வெற்றியாளர்களைத் தேய்த்தவள். இன்றைக்கு ஒரு தும்மலைத் தேய்ப்பதில் என்ன வந்தது?

"முடியாது" என்றாள்.

"அண்ணி!" என்றார் சின்னவர். கண்ணாலேயே கெஞ்சினார்.

"முடியாதுன்னா முடியாது. சார், நீங்க பார்த்த பத்தும் என் கை வேலை. பாத்திரம் தேய்க்கிற நாரை வச்சு, போன வாரம், அந்த ரூம்ல நான் பண்ணது. இந்தக் கார்ல நான் தொடாதது ஒண்ணே ஒண்ணு. நீங்க தப்புன்னு சொன்னீங்களே, அதுதான்."

லென்ஸின் முகம் சிவந்தது. "அந்த இழை கோணலா இருக்கு" என்றார்.

"இருக்கும். தும்மியிருக்கான். மனுஷன்தானே? திருகைப் பாருங்க, அது எப்பவாவது அசைஞ்சிருக்கான்னு பாருங்க. நானே பாடுபட்டும் அசையலை."

லென்ஸ் மறுபடி மண்டியிட்டார். இஸ்திரிச் சட்டையோடு தரையில் படுத்தே விட்டார். திருகையும் பட்டையையும் சேர்த்துத் தொழிற்சாலையில் வைத்த ஒரு சொட்டுப் பெயின்ட், லேசாகக் கருகியிருந்தாலும், பிளக்காமல் இருந்தது. எழுந்து வந்தபோது முதுகெல்லாம் கிரீஸ். படிவத்தில் பத்து இடத்தில் அசல் என்பதை அடித்தார். அசலுக்கு இணை என்று எழுதினார். பதினோராவது இடத்தில் தப்பு என்பதை அடித்துவிட்டு, அசல் என்று எழுதினார். முதல் தரம் போனது. இரண்டாம் தரம் என்று கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் நீட்டினார்.

அண்ணிக்கு டாக்டர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "மன்னிச்சிருங்க" என்றாள்.

டாக்டர் படிவத்தைப் படித்தார், திரும்பவும் படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பார்த்தால், சிரிக்கிறார்.

"பத்து கட்டினது, ஒண்ணு சொந்தம். என் வாயிலயும் அதே கணக்குதான் அண்ணி! எனக்கு மட்டும் யாரு முதல் தரம் குடுத்தா?"

சின்னவர் சிரிக்கவில்லை. "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல அண்ணி? முதல் தரத்துல தேறணும்னுதானே பேச்சு?" என்றார். அப்படி ஒரு பேச்சே இல்லை, தேற வேண்டும் என்றுதான் பேச்சு. ஆனால் அண்ணிக்கு வாதாடத் தெம்பு இல்லை. பின்னறைக்குப் போய், மேஜையில் இருந்த மரச்சட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு வலித்தது. கண்ணாடியைக் கழற்றாமலே அழுதாள்.

வாசலில் யாரோ செருமினார்கள். லென்ஸ். பேனாவை மறந்துவிட்டதாகச் சொன்னார். பேனா அவர் பையிலேயே குத்தியிருந்தது.

"அம்மா," என்றார், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்கிட்டயும் இதே கார் ஒண்ணு இருக்கு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால, அந்தப் பட்டையெல்லாம் அழுக்குன்னு நெனச்சு..."

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "தேய்ச்சுட்டீங்களா?"

"கண்ணாடியாட்டம்." அவர் தலை குனிந்தது. "அதை உறை போட்டு மூடியே வச்சிருக்கேன். சங்கத்துல யாருக்கும் காட்டினதில்லை. இன்னும் நாலஞ்சு பேர்கூட அப்படி மூடித்தான் வச்சிருக்காங்க, எனக்குத் தெரியும். அசல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு, அதனாலதான் இன்னைக்கு..." பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி குத்திக்கொண்டார். "கொண்டு வரட்டுமா?"

அவள் முதலில் சிரித்தாள். முயற்சி பண்ணாமல் வந்த சிரிப்பு; பல் வலி மாதிரித் தெரியவில்லை. "கொண்டு வாங்க. எல்லாத்தையும் கொண்டு வாங்க. ஆனா உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற நாரை மட்டும் தூக்கிப் போட்டுராதீங்க."

திங்கட்கிழமை காலையில் ஒரு வேன் வந்து நின்றது. ஸ்டிக்கர் மெஷின், அலமாரி அளவு, அட்டைப்பெட்டியோடு. அதற்குப் பின்னால், லாரிகளில் ஏற்றி வந்த, உறை போட்ட மூன்று கார்கள் வரிசையாக நின்றன. கூட வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கினார்கள். சின்னவர் கார்களைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், திருதிருவென்று விழித்தார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு பின்னறை வாசலுக்கு வந்தார்.

"அண்ணி, மெஷின் வந்து இறங்கிருச்சே. அதை எங்க வைக்கறது?"

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"முன்னாடி மேஜையில வை தம்பி. வர்றவங்ககிட்ட சிரிச்சுப் பேசட்டும்."